மருந்துக் கடை அக்காவுக்கும் மற்ற எல்லோருக்கும்

எனக்கு மனச்சோர்வும் பதற்றமும் வந்தபோது என்ன நடந்தது, எப்படி ஆரம்பித்தது என்று மறுபடி சொல்லப் போவதில்லை. இதைப் படிப்பவர்களில் பாதிப் பேர் அப்போது என் கூடவே இருந்தீர்கள், மீதிப் பேருக்கு அவர்கள் சொல்லியிருப்பார்கள். இப்போது தூங்குகிறேன். பசிக்கிறது. நேற்று எதற்கோ சத்தமாகச் சிரித்துவிட்டேன், வீட்டில் எல்லோரும் செய்துகொண்டிருந்த வேலையை விட்டுவிட்டுத் திரும்பிப் பார்த்தார்கள். நன்றி சொல்வதை இன்னும் தள்ளிப்போட்டால் எனக்கே எல்லாம் மறந்துபோகும், அதனால்தான் அவசரமாக எழுதுகிறேன்.

முதல் நன்றி மருந்துக் கடை அக்காவுக்கு. அவர் இதைப் படிப்பாரா தெரியாது. சீட்டில் இருக்கும் பெயரைத் தவிர என்னைப் பற்றி அவருக்கு ஒன்றும் தெரியாது, எனக்கும் அவர் பெயர் தெரியாது.

அன்றைக்கு டாக்டர் எனக்கு எல்லாவற்றையும் பொறுமையாகத்தான் சொன்னார். ஆனால் படியிறங்கி வருவதற்குள் ஒரு வரிகூட நினைவில் இல்லை. மனச்சோர்வு வந்தவர்களுக்குக் கவனம் நிற்காது, கேட்டது பதியாது, இரண்டு வகை பிஸ்கட்டில் எதை எடுப்பது என்று முடிவெடுக்கக்கூட முடியாது, இதுவும் நோயின் அறிகுறிதான் என்பதெல்லாம் பின்னால் தெரிந்துகொண்டது. அப்போது எனக்குத் தோன்றியது 'மூளை போய்விட்டது' என்பது மட்டும்தான். கையில் சீட்டை வைத்துக்கொண்டு, பின்னால் நிற்பவர் எட்டிப் பார்த்துவிடுவாரோ என்று மடக்கி மடக்கிப் பிடித்தபடி நின்றேன்.

அக்கா சீட்டைப் பார்த்தார். மாத்திரையின் பெயரை உள்ளே இருந்த பையனிடம் கத்திச் சொல்லவில்லை, அவரே போய் எடுத்து வந்தார். பிறகு என்னை மேசையின் ஓரத்துக்கு வரச் சொல்லி, "தம்பி, இது முதல் தடவையா?" என்று கேட்டார். தலையை ஆட்டினேன். "இது தலைவலி மாத்திரை மாதிரி கிடையாது. இன்னைக்குப் போட்டா நாளைக்குச் சரியாகாது. முதல்ல வயித்தைப் பிரட்டும், கொஞ்சம் படபடன்னு கூட இருக்கும். மனசுக்குத் தெரிய ரெண்டு வாரம், நாலு வாரம், சிலருக்கு அதுக்கு மேலயும் ஆகும். நடுவுல நீங்களா நிறுத்திடாதீங்க." கொஞ்சம் நிறுத்தி, குரலை இன்னும் தாழ்த்தி, "செத்துப்போயிடலாம் மாதிரி எண்ணம் ஏதாவது வந்துச்சுன்னா மட்டும் வாரக் கணக்கெல்லாம் பார்க்காதீங்க. அன்னைக்கே டாக்டருக்குப் போன் பண்ணுங்க, வீட்டுல ஒருத்தர்கிட்டயும் சொல்லி வைங்க" என்றார். அந்த வார்த்தையை அவ்வளவு சாதாரணமாக, சளிக்கு ஆவி பிடிக்கச் சொல்வது போல, அதுவரை யாரும் என்னிடம் சொன்னதில்லை.

எனக்கு எதுவும் பதியவில்லை என்பது அவருக்கு எப்படித் தெரிந்ததோ, பேனாவை எடுத்து அட்டைப் பெட்டியின் பின்பக்கத்தில் எழுதினார்: 'சாப்பிட்ட பிறகு. முதலில் குமட்டும், போய்விடும். நிறுத்த வேண்டாம்.' அடியில் கோடு வேறு. அதற்குள் வரிசையில் ஒருவர் சலித்துக்கொண்டார், அக்கா அவரை நிமிர்ந்து ஒரு பார்வை பார்த்தார், அதோடு சரி.

அந்தப் பெட்டிதான் என்னைப் பிடித்து நிறுத்தியது. அவர் சொன்னபடியே குமட்டியது, கை நடுங்கியது, முன்பைவிட மோசமாக இருந்தது. மனது உடனே தீர்ப்பு எழுதத் தயார்: பார், மாத்திரைகூட உனக்கு ஒத்துக்கொள்ளவில்லை, உனக்கு எதுவுமே உதவாது. ஆனால் பெட்டியில் கோடு போட்டு எழுதியிருந்தது. வருவது முன்கூட்டியே தெரிந்தால் பாதி பயம் போய்விடுகிறது. இந்த மருந்துகள் செரட்டோனின் என்ற வேதிப்பொருள் வழியாக வேலை செய்கின்றன. உடம்பில் இருக்கும் செரட்டோனினில் ஏறக்குறைய 90 சதவீதம் இருப்பது குடலில், மூளையில் இல்லை, அதனால்தான் வயிறு முதலில் முரண்டு பிடிக்கிறது என்று டாக்டர் அடுத்த முறை விளக்கினார். இதைக் கேட்டதும் எனக்கு ஏதோ மானம் திரும்பி வந்தது போல இருந்தது. என் வயிறு பலவீனமான மனதால் கலங்கவில்லை, அது அதன் வேலையைச் செய்கிறது.

மறுபடி மாத்திரை வாங்கப் போனபோது அக்கா கேட்டது ஒரே கேள்வி. "தூக்கம் வருதா?"

இந்தக் கேள்வியைப் பற்றித்தான் ரொம்ப நாளாக யோசித்துக்கொண்டிருக்கிறேன். எல்லோரும் என்னிடம் "மனசு எப்படி இருக்கு?" என்று கேட்டார்கள், அன்பாகத்தான் கேட்டார்கள், ஆனால் அதற்கு என்னிடம் பதிலே இல்லை. உள்ளே பார்த்தால் ஒன்றும் தெரியவில்லை, துக்கம்கூட இல்லை, மரத்துப்போய் இருந்தது. தூக்கம் வருகிறதா என்றால் பதில் சொல்ல முடியும். வருகிறது, ஆனால் விடியற்காலையில் நாலு மணிக்கே விழிப்பு வந்துவிடுகிறது, அதற்குப் பிறகு கண் மூடாது, அந்த நேரம்தான் நாளிலேயே மோசமானது. சொன்னேன். "முன்னாடி இதுவும் இல்லல்ல?" என்றார். ஆமாம், இல்லை. பெரும்பாலும் தூக்கமும் பசியும் தெம்பும்தான் முதலில் திரும்பும், மனது கடைசியில்தான் வரும், சில சமயம் நமக்குத் தெரிவதற்கு முன்னால் பக்கத்தில் இருப்பவர்களுக்குத் தெரிந்துவிடும். எனக்கும் அந்த வரிசையில்தான் நடந்தது. உடம்பில் ஒரு பிடி கிடைத்தது, அதைப் பிடித்துக்கொண்டு ஏறி வந்தேன்.

அக்கா, உங்களுக்கு ஒரு நாளைக்கு எத்தனை பேர் வருகிறார்கள், அதில் நான் யார் என்பது நினைவிருக்காது. பரவாயில்லை. அந்தப் பெட்டி இன்னும் என்னிடம் இருக்கிறது.

மற்றவர்களை ஒரே மூச்சில் சொல்லிவிடுகிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். நெஞ்சு அடைக்கிறது என்று ஓடிய ராத்திரி ஈசிஜி எடுத்துவிட்டு, "ஒண்ணுமில்லை" என்று அனுப்பிவிடாமல், "இதயம் நல்லா இருக்கு, ஆனா உங்களுக்கு வலிக்கிறது நிஜம்தான்" என்று சொன்ன நர்ஸ். மூச்சை வேகவேகமாக வாங்கினால் ரத்தத்தில் கரியமில வாயு குறையும், அதனால்தான் விரலும் உதடும் மரக்கிறது, தலை சுற்றுகிறது, நெஞ்சுத் தசை வலிக்கிறது என்று அவர் சொல்லித்தான் தெரியும். மனநல மாத்திரை எழுதும் முன் தைராய்டு, பி12, ரத்தசோகை எல்லாம் பார்த்துவிடலாம் என்ற டாக்டர், தைராய்டு குறைந்தாலும் சோர்வு இப்படியே இருக்குமாம், கூடினால் படபடப்பு இப்படியே இருக்குமாம். உள்ளே இழுக்கும் மூச்சைவிட வெளியே விடும் மூச்சு நீளமாக இருக்கட்டும் என்று என் கூடவே உட்கார்ந்து பழக்கிய ஆலோசகர். 100 வருடத்துக்கும் முன்னாலேயே வால்டர் கேனன் என்ற விஞ்ஞானி பூனையின் வயிற்றை எக்ஸ்ரேயில் பார்த்துக்கொண்டிருந்தபோது, பூனை மிரண்டதும் இரைப்பை அசைவு நின்றுபோனதைக் கண்டார் என்ற கதையையும் அவர்தான் சொன்னார். அன்றிலிருந்து சாப்பாடு இறங்காத நாட்களில் எனக்கு அந்தப் பூனை ஞாபகம்தான். பதில் எதிர்பார்க்காமல் தினமும் ஒரு படம் அனுப்பிய நண்பன். என்ன ஏது என்று கேட்காமல் என் வேலையை இரண்டாகப் பிரித்துக் கொடுத்த மேலதிகாரி. "குளிச்சியா?" என்று மட்டும் கேட்டு, இல்லை என்றால் திட்டாமல் துண்டை எடுத்துக் கையில் கொடுத்த தங்கை. எல்லோருக்கும் நன்றி.

"தைரியமா இரு, நினைப்பை மாத்து" என்று சொன்னவர்களுக்கும் நன்றிதான், நிஜமாகவே. உங்கள் அக்கறையில் சந்தேகம் இல்லை. ஆனால் ஒன்று சொல்லிவிட வேண்டும். ஆபத்து என்று மூளை ஒரு முறை முடிவு கட்டிவிட்டால் அட்ரினலின், கார்ட்டிசால் என்ற ஹார்மோன்கள் கிளம்பும், இதயம் ஓடும், வாய் உலரும், தாடையும் தோளும் இறுகும். எதிரில் புலி இருந்தாலும், திறக்காத ஒரு மின்னஞ்சல் இருந்தாலும் உடம்பு செய்வது இதைத்தான். இது நம்மைக் கேட்டு நடப்பதில்லை. மாதக் கணக்கில் இப்படியே ஓடினால் உடம்பு களைத்துப்போகும், பதற்றமும் சோர்வும் கைகோத்துக்கொண்டு வருவது அவ்வளவு சாதாரணம். அதற்கு நடுவில் இருப்பவனிடம் தைரியத்தைக் கேட்டால், இல்லாததைக் கேட்ட மாதிரி ஆகிவிடுகிறது. உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கில் 2019-இல் மட்டும் பதற்றக் கோளாறோடு வாழ்ந்தவர்கள் 30 கோடிப் பேருக்கு மேல். அத்தனை பேருமா கோழைகள்?

அதனால் எனக்கு நானே ஒன்று முடிவு செய்திருக்கிறேன். இனிமேல் யாராவது என்னிடம் வந்து முடியவில்லை என்றால் முதலில் தூக்கத்தைக் கேட்பேன், பிறகு சாப்பாட்டை, பிறகு யாரிடம் காட்டியிருக்கிறீர்கள் என்பதை. அதற்கு மேல் அவர்களாகச் சொன்னால் கேட்டுக்கொள்வேன். அறிவுரை சொல்ல வாய் வந்தால் நாக்கைக் கடித்துக்கொள்வேன், இது எனக்குக் கஷ்டம் என்று என்னைத் தெரிந்தவர்களுக்குத் தெரியும்.

கடைசியாக ஒரு விஷயம். நன்றாகிவிட்டது என்று மாத்திரையை விட்டுவிடவில்லை. சரியான பிறகும் ஆறு மாதமாவது தொடர வேண்டும், நிறுத்தும்போதும் டாக்டர் சொல்கிறபடி கொஞ்சம் கொஞ்சமாகத்தான் குறைக்க வேண்டும் என்று சொல்லியிருக்கிறார்கள், அப்படியே செய்கிறேன், எனவே "இன்னுமா மாத்திரை?" என்று யாரும் கேட்க வேண்டாம். உங்கள் குறுஞ்செய்திகள் நிறைய அப்படியே கிடக்கின்றன. ஒவ்வொன்றாகப் பதில் போடுகிறேன், பழையதிலிருந்து ஆரம்பிக்கிறேன். ராத்திரி ஒன்பது மணிக்கு மேல் போன் எடுக்க மாட்டேன்.