செயலாளரின் ஆண்டறிக்கை

தலைவர் அவர்களுக்கும் உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

மனச்சிதைவு போன்ற கடும் மனநோய் கண்டவர்களின் குடும்பத்தாருக்கான நமது சங்கம் மாதந்தோறும் இரண்டாம் ஞாயிறு கூடியது. தீபாவளி மாதக் கூட்டம் மட்டும் நடக்கவில்லை. வருகிறவர்கள் பெரும்பாலும் அம்மாக்களும் அக்காக்களும்தான். அப்பாக்கள் வண்டியில் கொண்டுவந்து இறக்கிவிட்டு எதிர்க்கடையில் தேநீர் குடிக்கிறார்கள். இதைக் குறையாகவே பதிவுசெய்கிறேன்.

ஆகஸ்ட் கூட்டத்தைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடி மனநோயாளர் காப்பகத் தீ விபத்துக்குப் பலியான 28 பேரை நினைத்து வழக்கம்போல் எழுந்து நின்றோம். சங்கிலியோடு பிணைக்கப்பட்டிருந்ததால் தப்ப முடியாமல் போனவர்கள் அவர்கள். பிறகு, சங்கிலியால் கட்டுவதைத் தடைசெய்யும் 2017 மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 95ஆம் பிரிவை நான் வாசித்தேன். பின்வரிசையில் இருந்த ஓர் அம்மா கையை விரித்துக் காட்டினார். பூட்டுச்சாவி. இறுகப் பிடித்ததில் அதன் பல் உள்ளங்கையில் பதிந்திருந்தது. "மகனை உள்ளே வைத்துப் பூட்டிவிட்டுத்தான் வந்திருக்கிறேன் சார். இனி நான் வரலாமா, வரக்கூடாதா?" என்றார். சட்டப் புத்தகத்தை மூடிவைத்துவிட்டேன்.

யாரும் அவரைக் கடிந்துகொள்ளவில்லை. உறுப்பினர்கள் இருவர் அப்போதே அவரோடு வீட்டுக்குப் போனார்கள். மகனுக்குக் கேரம் என்றால் உயிர் என்று தெரிந்துகொண்டு திரும்பினார்கள். செப்டம்பரிலிருந்து, கூட்டத்துக்கு வருபவரின் வீட்டில் வேறொரு குடும்பத்தார் துணையிருக்கிறார்கள். எதிர்க்கடை அப்பாக்களில் இருவர் இதில் சேர்ந்திருக்கிறார்கள்.

"எங்களுக்குப் பிறகு யார்?" என்ற கேள்வி எழாத மாதமில்லை. மத்திய அரசு ஊழியரின் பிள்ளை மனநோயால் சம்பாதிக்க இயலாதவராக இருந்தால், பெற்றோர் காலத்துக்குப் பின் அவருக்கு வாழ்நாள் முழுதும் குடும்ப ஓய்வூதியம் உண்டு. இதை விளக்கிய உறுப்பினர், மருத்துவச் சான்றை இப்போதே வாங்கி வைக்கும்படி வற்புறுத்தினார். அரசுச் சலுகைகளுக்குத் தேவையான 40 விழுக்காடு ஊனச் சான்றுக்குப் போன ஒருவரிடம் முகாமில் "ஆள் நன்றாகத்தானே இருக்கிறார்" என்று சொல்லித் திருப்பி அனுப்பியிருக்கிறார்கள். மறுமுறை நானும் உடன் போனேன், கிடைத்தது.

நள்ளிரவில் நிலைமை கைமீறினால் அழைக்க, அரசின் மனநலத் தொலைபேசி உதவிச் சேவையான டெலி மானஸின் எண் 14416ஐ எல்லோர் வீட்டுக் கதவின் பின்புறத்திலும் ஒட்டியாகிவிட்டது.

வரவுசெலவைப் பொருளாளர் வாசிப்பார். மாடிப்படி ஏற முடியாத அம்மாக்கள் பெருகிவிட்டதால் கீழ்த்தளத்தில் இடம் தேட வேண்டும். துணையிருக்கப் போகிறவர்கள் எடுத்துச்செல்ல ஒரு கேரம் பலகை வாங்கப் பொதுக்குழுவின் ஒப்புதலைக் கோருகிறேன்.

இப்படிக்கு,
செயலாளர்