ஒரே நாள் இயங்கிய உயிர்காப்பு நிலையம்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு, வணக்கம்.

கடலோர உயிர்காப்புப் படகு நிலையங்களைப் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையை மனைவிக்கு உரக்கப் படித்துக் காட்டினேன். 1824இல் பிரிட்டனில் உயிர்காப்புப் படகுக் கழகம் பிறந்தது, சிறிய மீனவ ஊர்களில் திறக்கப்பட்ட சில நிலையங்கள் துடுப்புப் போட ஆள் கிடைக்காமல் சில ஆண்டுகளிலேயே மூடப்பட்டது எல்லாவற்றையும் அக்கறையோடு எழுதியிருந்தார்கள். ஆனால் தென்னாப்பிரிக்காவுக்கு வந்ததும் கட்டுரை நேராக 1967இல் போய் நின்றுவிட்டது. அங்கேதான் எனக்கு மனம் ஆறவில்லை.

1967இன் கதையில் பிழை ஏதும் இல்லை. 1966 ஏப்ரலில் ஸ்டில் பே அருகே புயலில் மூன்று மீன்பிடிப் படகுகள் மூழ்கி 17 மீனவர்கள் மாண்டார்கள். அதைக் கண்டு பொறுக்காமல் பேட்டி பிரைஸ் என்ற பெண்மணி கேப்டவுன் நாளிதழுக்குக் கடிதங்கள் எழுதினார். மறு ஆண்டு தொண்டர்களின் கடல் மீட்புப் படை உருவாயிற்று. முதல் படகு 4.7 மீட்டர் நீளமுள்ள, காற்றடைத்த ரப்பர் படகு. அதற்கு ‘ஸ்னூப்பி’ என்று பெயரிட்டார்கள். வாசகர் கடிதம் ஒன்றும் செய்யாது என்று சொல்பவர்களுக்கு நான் எப்போதும் இதைத்தான் சொல்வேன். இப்போது நானே பேனாவை எடுத்ததற்கும் அந்த அம்மையார்தான் காரணம்.

அந்த 1967க்குச் சரியாக ஐம்பது ஆண்டுகளுக்கு முன், 1917 அக்டோபர் 28, ஞாயிற்றுக்கிழமை. டர்பனில் உம்கேனி ஆறு கரை புரண்டு ஸ்பிரிங்ஃபீல்டு சமவெளிக்குள் நுழைந்தது. அங்கே தகரக் குடிசைகளிலும் காய்கறித் தோட்டங்களிலும் வாழ்ந்தவர்களில் பெரும்பாலோர் இந்தியாவிலிருந்து ஒப்பந்தக் கூலிகளாக வந்தவர்களும் அவர்களுடைய பிள்ளைகளும்தான். அன்று மாரிமுத்து படவட்டானும் அவரோடு ஐந்து மீனவர்களும் கரைவலை இழுக்கும் தங்கள் படகை வெள்ளத்தில் இறக்கினார்கள். இயந்திரம் கிடையாது, மிதவைச் சட்டை கிடையாது. கடல் அலைக்காகக் கட்டப்பட்ட மரப்படகை, வேரோடு பெயர்ந்த மரமும் கூரைத் தகரமும் அடித்துவரும் ஆற்று நீரில் செலுத்தினார்கள். அவர்கள் கரை சேர்த்த உயிர்கள் 176. டர்பன் வரலாற்றில் அவர்களுக்கு ‘படவட்டான் அறுவர்’ என்று பெயர்.

அந்தப் படகில் 176 பேர் ஒருசேர உட்கார முடியாது. ஏற்றி, இறக்கி, மறுபடியும் அதே வெள்ளத்துக்குள் திரும்பிப் போக வேண்டும். முதல் முறை போவது துணிச்சல் என்றால், ஆற்றின் வேகம் இன்னதென்று தெரிந்த பிறகும் இரண்டாம் முறை போனதை எந்தச் சொல்லால் சொல்வது? நிலையம், மணி, சீருடை, சம்பளம் எதுவும் இல்லாமல் ஒரு நாள் மட்டும் இயங்கிய உயிர்காப்பு நிலையம் அது. குறுகிய காலமே இருந்த நிலையங்களைப் பட்டியலிட்ட கட்டுரையில் அதற்கு ஒரு வரியாவது இருந்திருக்க வேண்டும்.

நான் கரைவலைக் குடும்பத்துப் பிள்ளை. டர்பன் துறைமுகத்தை ஒட்டிய ஃபின்லண்ட்ஸில் இருந்தபோது தாத்தா படகு இறக்குவதை மணலில் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். அவசரப்படவே மாட்டார். பெரிய அலைகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்து உடையும்வரை முழங்கால் தண்ணீரில் படகைப் பிடித்துக்கொண்டு நிற்பார். கடல் மூச்சு வாங்குகிற அந்த ஒரு கணத்தில் “தள்ளு!” என்பார். எல்லாரும் ஒரே பாய்ச்சலில் உள்ளே ஏறித் துடுப்பைப் பிடித்துவிடுவார்கள். அவருடைய துடுப்பு இன்றும் என் வீட்டுச் சமையலறைச் சுவரில் மாட்டியிருக்கிறது. பிடியில் கட்டைவிரல் அழுந்திய இடம் குழிந்து வழுவழுப்பாக இருக்கிறது. என் விரலை அதில் வைத்தால் பொருந்தாது. அவர் கை அவ்வளவு பெரியது. அறுவர் படகில் பிடித்ததும் இப்படிப்பட்ட துடுப்புகள்தான்.

அந்தக் கைகளைக் கடலிலிருந்து பிரித்த கதையையும் கட்டுரையாளர் எழுத வேண்டும். எங்கள் மக்கள் முதலில் குடியேறியது துறைமுகத்துக்குள் இருந்த சாலிஸ்பரி தீவில். துறைமுகம் விரிந்தபோது அங்கிருந்து போக வேண்டியதாயிற்று. பிறகு எந்த இனத்தார் எங்கே வாழலாம் என்று வகுத்த இனவாரிக் குடியிருப்புச் சட்டம் வந்தது. 1960களில் குடும்பம் குடும்பமாகச் சாட்ஸ்வொர்த்துக்கு ஏற்றி அனுப்பினார்கள். எங்கள் வாசலில் நின்றால் கடல் தெரியாது. விடியற்காலை மூன்று மணிக்கு எழுந்து கரைக்குப் போகப் பஸ் ஏது? வலை இற்றுப்போனது, படகு விலைக்குப் போனது. பிரிட்டனில் ஆளில்லாமல் நிலையம் மூடப்பட்டது என்று எழுதினீர்கள். இங்கே ஆள் இருந்தார்கள். தண்ணீருக்குப் பக்கத்தில் இருக்கத்தான் அவர்களை விடவில்லை.

2022 ஏப்ரல் வெள்ளத்தில் 400க்கும் மேற்பட்டோர் எங்கள் குவாசுலு-நட்டால் மாநிலத்தில் இறந்தார்கள். அந்த இரவில் மழைச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு, சுவரில் இருந்த துடுப்பையே பார்த்தபடி உட்கார்ந்திருந்தேன். ஸ்பிரிங்ஃபீல்டில் கத்திய குரல்களை அறுவரும் எப்படிக் கேட்டிருப்பார்கள் என்பதைத் தவிர வேறு நினைப்பே வரவில்லை.

இன்றைய மீட்புத் தொண்டர்கள் மேல் எனக்குக் குறை கிடையாது. கடற்கரைக் கம்பங்களில் அவர்கள் மாட்டிவைத்திருக்கும் இளஞ்சிவப்பு மிதவையைப் பார்க்கும்போதெல்லாம் மனதுக்குள் கும்பிடு போடுகிறேன். என் பேத்தி படிக்கும் சனிக்கிழமைத் தமிழ் வகுப்பில் போன மாதம் படவட்டான் அறுவரைப் பற்றிக் கேட்டேன். ஒரு பிள்ளைக்கும் தெரியவில்லை. பிள்ளைகளைக் குற்றம் சொல்ல முடியாது, நாம்தான் சொல்லவில்லை.

ஆகவே, ஐயா, வரும் அக்டோபர் 28ஆம் தேதியை ஒட்டி வெளிவரும் இதழில் அறுவரின் பெயர்களையும் ஒருசேர, பெரிய எழுத்தில் அச்சிடுங்கள். பழைய மீனவக் குடும்பங்களில் படமோ, படகின் பலகையோ, வலையின் ஈயக் குண்டோ வைத்திருப்பவர்கள் உங்களுக்கு எழுதட்டும். துடுப்பைப் படமெடுக்க ஆளை அனுப்பினால், அதைச் சுவரிலிருந்து இறக்கித் துடைத்து வைத்திருப்பேன்.

இப்படிக்கு,
கரைவலைக் குடும்பத்து வாசகர்,
சாட்ஸ்வொர்த், டர்பன்.