சகாப்தம் 870ஐ என்ன செய்வதாக உத்தேசம்? பாடத்திட்டக் குழுவினருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய வரலாற்றுப் பாடத்திட்ட மீளாய்வுக் குழுவினருக்கு,

வணக்கம். புதிய பாடத்திட்ட வரைபு கைக்குக் கிடைத்தது. மூன்றாம் வருடத்தில் 3 கிரெடிட், 45 மணித்தியாலம் என்று இருந்த ‘வரலாற்று மெய்யியல்’, அதாவது கடந்தகாலத்தை எப்படி அறிகிறோம் என்று கேட்கும் பாடம், அதில் இல்லை. ‘ஆராய்ச்சி முறையியல்’ பாடத்தின் ஏழாம் அலகில், ‘வரலாறு பற்றிய கோட்பாடுகள்’ என்ற ஒற்றை வரியாக, 4 மணித்தியாலத்துக்குச் சுருண்டு கிடக்கிறது. அது இருந்த இடத்தில் ‘மரபுரிமைச் சுற்றுலா முகாமைத்துவம்’ வந்து அமர்ந்திருக்கிறது. நேரே விஷயத்துக்கு வருகிறோம். கேட்பது ஒன்றுதான்: அந்தப் பாடத்தை எடுக்காதீர்கள், திருத்துங்கள்.

பழைய பாடம் நன்றாக இருந்தது என்று வாதாட வரவில்லை. ஹெகல், மார்க்ஸ், ஸ்பெங்லர், டொயின்பி என்று ஒருவர் பின் ஒருவராக முடிசூட்டி இறக்கி, கொலிங்வுட்டுக்கு வருவதற்குள் அரையாண்டு முடிந்துவிடும். அரசர் பட்டியலை மனனம் செய்வது வரலாறாகாது என்று முதலாம் வருடத்தில் படிப்பித்துவிட்டு, மூன்றாம் வருடத்தில் மெய்யியலாளர் பட்டியலை மனனம் செய்வித்தோம்.

ஆனால் பாடம் பழுதானதற்கு முதற் காரணம் ஒரு சொல்: ‘வரலாற்றுவாதம்’. தமிழ் மொழிமூல மாணவர் கையில் புழங்கும் குறிப்புகளில் இந்தச் சொல் ஒன்றுக்கொன்று முரணான இரண்டு கருத்துக்களுக்கு நிற்கிறது. ஒன்று 19ஆம் நூற்றாண்டு ஜேர்மன் மரபு. ஒவ்வொரு காலத்தையும் அந்தக் காலத்தின் அளவுகோலாலேயே அளக்க வேண்டும், பொதுவிதி தேடக் கூடாது என்பது அது. மற்றது மெய்யியலாளர் கார்ல் பொப்பர் தாக்கிய கொள்கை. வரலாற்றுக்கு விதிகள் உண்டு, அவை தெரிந்தால் வரப்போவதைச் சொல்லிவிடலாம் என்பது அது. விதி இல்லை என்பவருக்கும் உண்டு என்பவருக்கும் ஒரே பெயர். ‘வரலாற்றுவாதத்தை விமர்சன நோக்கில் ஆராய்க’ என்று வினா வந்தால் சிலர் முதலாவதை எழுதுகிறார்கள், சிலர் இரண்டாவதை. கெட்டிக்காரர் இரண்டையும் குழைத்து, முதல் மரபைச் சேர்ந்த ராங்கே எதிர்காலத்தைக் கணித்தார் என்று முடிக்கிறார். புள்ளி வெட்டுவது அவருக்கு. சொல்லைக் கொடுத்தவருக்கு ஒன்றும் இல்லை.

இந்தச் சிக்கல் ஆங்கிலத்திலும் உண்டு. அங்கே படிப்பவர் மூலநூலைத் திறந்து பார்த்துத் தெளிந்துகொள்ளலாம். தமிழில் படிப்பவருக்குக் கிடைப்பது போட்டோக்கொப்பியின் போட்டோக்கொப்பி. ஓரம் கறுத்து, கீழ்ப்பக்கம் வெட்டுப்பட்டிருக்கும். எது பொப்பர், எது ராங்கே என்று காட்டும் அடிக்குறிப்புத்தான் அந்த வெட்டில் முதலில் போகிறது. நடந்ததைக் கதைபோலத் தொடுத்துச் சொல்வதைக் குறிக்கப் புழங்கும் எடுத்துரைப்பு, கதையாடல், விவரணம் என்ற மூன்றும் ஒன்றா வேறா என்பதற்கும் இதே கதிதான்.

இதற்கு மருந்து பெரிதல்ல. நாற்பது கலைச்சொற்கள், ஒவ்வொன்றுக்கும் நேரே அதைப் பயன்படுத்தியவர் பெயர், ஒரு வரி வரைவிலக்கணம். முதலாவதை ‘வரலாற்றுத் தனித்துவவாதம்’ என்றும் இரண்டாவதை ‘வரலாற்று நியதிவாதம்’ என்றும் பிரித்தாலே பாதிக் குழப்பம் தீரும். நாலு பக்க வேலை. அதைச் செய்யாமல் பாடத்தையே தூக்குவது எலிக்குப் பயந்து வீட்டைச் சுட்ட கதை.

‘இந்தப் பாடத்தால் என்ன பயன்?’ என்று வரைபின் முன்னுரை கேட்கிறது. நல்லூரிலிருந்தே பதில் சொல்லலாம். கந்தசுவாமி கோயிலைப் புவனேகவாகு கட்டுவித்தார் என்ற பழம்பாட்டு, சக ஆண்டுக் கணக்கில், சகாப்தம் 870 என்கிறது. 78ஐக் கூட்டினால் கி.பி. 948. யாழ்ப்பாணத்தை ஆண்ட ஆரியச்சக்கரவர்த்திகளின் அரசையோ ஆய்வாளர் பெரும்பாலும் 13ஆம் நூற்றாண்டில்தான் தொடக்குகிறார்கள். 15ஆம் நூற்றாண்டில் கோட்டை இராச்சியத்திலிருந்து வந்து யாழ்ப்பாணத்தைப் பிடித்த சப்புமல் குமாரயாதான் இந்தப் புவனேகவாகு என்பாரும் உண்டு. ஐந்நூறு வருடம் உதைக்கிறது. ஏடெழுதியவர் பிழைவிட்டார் என்றால், வேறு ஏட்டில் பாடபேதம் காட்ட வேண்டும், திருத்திய சொல் யாப்புக்குள் அடங்கவும் வேண்டும். அவர் வேறொரு புவனேகவாகு என்றால், கல்வெட்டிலோ நாணயத்திலோ தனிச்சான்று வேண்டும். பின்னாளில் பழமை ஏற்றினார்கள் என்றால், அந்தப் பழமை யாருக்குத் தேவைப்பட்டது என்று நிறுவ வேண்டும். மூன்று பதிலுக்கும் மூன்று விதமான சான்று. எந்த முடிவுக்கு எந்தச் சான்று போதும் என்று பிரித்தறிவதைத்தான் வரலாற்று மெய்யியல் என்கிறோம்.

இன்னொன்று. மாதகல் மயில்வாகனப் புலவர் யாழ்ப்பாண அரசின் வரலாறு சொல்லும் யாழ்ப்பாண வைபவமாலையைத் தொகுத்தபோது கைலாயமாலை, வையாபாடல், பரராசசேகரன் உலா, இராசமுறை நான்கையும் பயன்படுத்தினார். பின்னிரண்டும் இன்று இல்லை. கைலாயமாலையும் வைபவமாலையும் ஒரே செய்தியைச் சொன்னால் எத்தனை சாட்சி? ‘இரண்டு’ என்றுதான் மாணவர் எழுதுவார். ஒன்றைப் பார்த்து மற்றது எழுதப்பட்டிருந்தால் சாட்சி ஒன்றே. சாட்சிகள் ஒன்றையொன்று சாராதவையா என்பதிலேயே கடந்தகால அறிவு தங்கியிருக்கிறது என்று மெய்யியலாளர் அவியேசர் டக்கர் 2004இல் நிகழ்தகவை வைத்து வாதிட்டார். நமக்கு அது வீட்டு வாசல் கணக்கு. பேராசிரியர் கா. இந்திரபாலா, இலங்கையில் தமிழர் குடியேற்றம் பற்றிய தமது 1965ஆம் ஆண்டு ஆய்வேட்டின் முடிவுகளை 2005ஆம் ஆண்டு நூலில் தாமே மாற்றிக்கொண்டார். புதுச் சான்று வந்ததாலா, கேள்வியே மாறியதாலா? இதை விவாதிக்க ஏழாம் அலகில் எத்தனை நிமிடம் ஒதுக்கியிருக்கிறீர்கள்?

சுற்றுலாவுக்கும் வருவோம். முத்திரைச் சந்திச் சங்கிலியன் சிலையடியில் நிற்கும் வழிகாட்டி ‘இவர்தான் கடைசி மன்னன்’ என்பார். 1617இல் ஆட்சியைப் பிடித்தவரை அன்று யாரும் அப்படிச் சொல்லியிருக்க முடியாது. 1619இல் போர்த்துக்கேயத் தளபதி பிலிப் டி ஒலிவெய்ரா வென்ற பின்னும் கிளர்ச்சிகள் நடந்தன. அப்போதும் ‘கடைசி’ என்பது உறுதியாகவில்லை. பின்னால் நடந்ததை வைத்து முன்னால் நடந்ததை விவரிக்கும் இத்தகைய வாக்கியங்களை மெய்யியலாளர் ஆர்தர் டாண்டோ 1965இல் பிரித்துக் காட்டினார். நடந்தது அத்தனையையும் நடந்த கணத்திலேயே பதியும் ஒருவராலும் அவற்றை எழுத முடியாது என்றார். வருகிற பயணி ‘உங்களுக்கு எப்படித் தெரியும்?’ என்று ஒரு கேள்வி கேட்டால் உங்கள் முகாமைத்துவப் பட்டதாரி என்ன செய்வார்? நுழைவுச்சீட்டை நீட்டுவாரோ?

உலகில் இந்தத் துறை செத்துவிட்டது என்ற நினைப்பும் வரைபில் தெரிகிறது. 1973இல் ஹேய்டன் வைற் வரலாற்றெழுத்தைக் கதைக்கட்டாகப் படித்தார். இப்போது யூனி-மத்தி குக்கனென் போன்றோர் அதைக் கடந்து, வரலாற்று நூல் முன்வைப்பது ஒரு வாதம் என்கிறார்கள். மனித வரலாற்றையும் இயற்கை வரலாற்றையும் இனிப் பிரிக்க முடியுமா என்று காலநிலை மாற்றத்தை முன்னிட்டு தீபேஷ் சக்கரவர்த்தி 2009இல் கேட்டது இன்னும் ஓயவில்லை. பெர்பர் பெவர்னாஜ் 2012இல் எழுதியது நமக்கு மிக அருகில் வருகிறது. கடந்தது மீளாது என்பது வரலாற்றாசிரியரின் காலம். கடந்தது இன்னும் கடக்கவில்லை என்பது பாதிக்கப்பட்டவரின் காலம். பிள்ளைகள் காணாமல் ஆக்கப்பட்ட ஆர்ஜென்டினாத் தாய்மாரை வைத்து அவர் இதை ஆராய்ந்தார். கிளிநொச்சியில் 2017 பெப்ரவரியில் காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவுகள் தெருவோரம் அமர்ந்தார்கள். ‘இறந்தார்’ என்று எழுதித்தரச் சொன்னால் கையெழுத்திட மறுக்கும் ஒரு தாய்க்கு, போர் முடிந்த 2009 எந்தக் காலம்? இந்தக் கேள்வியைக் கேட்க யாழ்ப்பாணத்தை விடப் பொருத்தமான வகுப்பறை எது? அந்த வகுப்பறையில்தான் இந்தப் பாடம் வேண்டாம் என்கிறீர்கள்.

கொஞ்சம் சூடாகிவிட்டது, பொறுத்தருளுங்கள். வேண்டுகோள் இதுதான்: பாடத்தை எடுக்காதீர்கள், திருத்துங்கள். 15 வாரத்தில் முதல் 5 வாரம் சான்றும் சாட்சியும், மேலே சொன்ன இரண்டு கணக்கோடு. அடுத்த 4 வாரம் விளக்கம்: வரலாற்று விளக்கத்துக்கும் பொதுவிதி வேண்டும் என்று மெய்யியலாளர் ஹெம்பல் 1942இல் கேட்டதும் 1957இல் வில்லியம் ட்றே அதை மறுத்ததும். பிறகு 3 வாரம் எடுத்துரைப்பு, 3 வாரம் இன்றைய விவாதங்கள். டொயின்பிக்கு ஒரு மணித்தியாலம் போதும், அவர் கோபிக்கமாட்டார். சுற்றுலாப் பாடத்தைத் தெரிவுப் பாடமாக வைத்துக்கொள்ளுங்கள், எங்களுக்கு ஆட்சேபம் இல்லை.

கலைச்சொற் பட்டியலின் முதல் வரைபை இத்துடன் இணைத்திருக்கிறோம். பிழை இருந்தால் சிவப்பு மையால் திருத்தி அனுப்புங்கள். வரைபு இறுதியாவதற்கு முன் எங்களை ஒரு தடவை அழைத்துப் பேசும்படி பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம்.

இங்ஙனம்,
வரலாறும் மெய்யியலும் கற்பிப்போர் சிலர்
யாழ்ப்பாணம்