முகம் தெரியாத அந்த ஒருவருக்கும், தெரிந்த உங்கள் எல்லோருக்கும்

சேலத்து மக்களுக்கும், ஏற்காட்டு மலையில் இருக்கும் என் பிறந்த வீட்டாருக்கும், வேலூரில் எங்களோடு நின்றவர்களுக்கும், இந்த நாட்டில் எங்கோ இருக்கும் ஒருவருக்கும் வணக்கம்.

என் மகனுக்குச் செய்த ஸ்டெம் செல் மாற்று சிகிச்சை, அதாவது ரத்தத்தை உண்டாக்கும் எலும்பு மஜ்ஜை அணுக்களை மாற்றுகிற சிகிச்சை, பலித்துவிட்டது. அவன் ரத்தத்தில் ஓடுபவை முழுக்கவும் கொடையாளரின் அணுக்கள்தான் என்று கடைசிப் பரிசோதனையில் வந்திருக்கிறது. பி பாசிட்டிவாகப் பிறந்தவன் இப்போது ஓ பாசிட்டிவ். ரத்தத்தை உறையவைக்கும் பிளேட்லெட் அணுக்கள் இரண்டு லட்சத்தைத் தாண்டிவிட்டன. கீழே விழுந்து முட்டியைச் சிராய்த்துக்கொண்டு வந்தான், ரத்தம் தானாக நின்றது. போனில் விசாரித்தவர்களுக்கெல்லாம் தனித்தனியாகச் சொல்லி மாளவில்லை. அதனால் இந்த மடல்.

அவனுக்கு வந்திருந்தது விஸ்காட்-ஆல்ட்ரிச் என்ற பிறவி நோய், எதிர்ப்பு சக்தியும் பிளேட்லெட்டும் குறைந்துபோகும். உடம்பெல்லாம் சிரங்கு, ஓயாமல் காதில் சீழ், மலத்தில் ரத்தம், பிளேட்லெட் முப்பதாயிரத்துக்குக் கீழே. டெங்கு பார்த்துப் பழகிய ஊர் நம்முடையது, பப்பாளி இலைச் சாறு கொடுக்கச் சொல்லாதவர் இல்லை. சிரங்குக்கு ஒரு மருந்து, காதுக்கு ஒரு மருந்து என்று தனித்தனியாகப் போய்க்கொண்டிருந்ததை ஒன்றாகச் சேர்த்துப் பார்த்தவர் எங்கள் பகுதிக் குழந்தை மருத்துவர்தான். ரத்தப் பரிசோதனைத் தாளில் பிளேட்லெட்டின் எண்ணிக்கையோடு நிற்காமல் அதன் அளவையும் பார்த்தார். இருக்க வேண்டியதைவிட மிகச் சிறியதாக இருந்தது. உடனே என்னிடம், "ஏம்மா, உங்க அம்மா வழியில ஆம்பளைப் பிள்ளைங்க யாராவது சின்ன வயசுல தவறியிருக்காங்களா?" என்று கேட்டார். ஐயா, அந்த ஒரு கேள்விக்கு எங்கள் குடும்பம் உங்களுக்குக் கடன்பட்டிருக்கிறது.

தவறியிருந்தார்கள். என் அம்மாயிக்குப் பிறந்த இரண்டு ஆண் பிள்ளைகளும் காபி எஸ்டேட் லயன் வீட்டில், நடக்கப் பழகும் வயதிலேயே போய்விட்டார்கள். தெய்வக் குற்றம் என்று சேர்வராயன் கோயிலுக்கு நேர்ந்துகொண்டவர்கள், அதற்குமேல் என்ன செய்வார்கள்? அந்த நாட்களுக்கு முன்பே, 1937இல், ஜெர்மனியில் விஸ்காட் என்ற மருத்துவர் ஒரே வீட்டில் மூன்று அண்ணன் தம்பிகளுக்கு இது வந்ததையும் அவர்களின் சகோதரிகள் நன்றாக இருந்ததையும் எழுதி வைத்திருந்தார். 1954இல் அமெரிக்காவின் ஆல்ட்ரிச் ஒரு குடும்பத்தின் பல தலைமுறைகளைத் தேடிப் பார்த்து, பெண்கள் வழியாக வந்து ஆண் குழந்தைகளை மட்டும் தாக்குகிறது என்று காட்டினார். நான் உயிரியல் ஆசிரியை. ரத்தம் உறையாத ஹீமோபிலியா நோயை வைத்து பிளஸ் டூ பிள்ளைகளுக்குக் கரும்பலகையில் வருடா வருடம் வரைந்து காட்டுகிற படம்தான் அது. அதே படத்தை மரபணு ஆலோசகர் என் பெயரோடும் என் அம்மா பெயரோடும் வரைந்தபோது என்னால் பேச முடியவில்லை.

நோய் என் வழியாக வந்தது என்று தெரிந்த அன்று இரவு என் மாமியார், "அத உட்டுத் தள்ளு. பேரனுக்கு ஆக வேண்டியதப் பாரு" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார். இன்றுவரை அந்தப் பேச்சை அவர் எடுத்ததில்லை, வேறு யாரையும் எடுக்க விட்டதும் இல்லை. அத்தை, மருந்தும் மருத்துவரும் இல்லாமல் இவன் பிழைத்திருக்க மாட்டான். நீங்கள் இல்லாமல் நான் தேறியிருக்க மாட்டேன்.

உடன்பிறந்தவரின் திசு வகை பொருந்த நான்கில் ஒரு வாய்ப்புதான். எங்கள் மூத்த மகளுக்குப் பொருந்தவில்லை. சென்னையில் 2009இல் தொடங்கிய தாத்ரி என்ற ஸ்டெம் செல் கொடையாளர் பதிவேட்டில் தேடினார்கள். முழுக்கப் பொருந்தும் ஒருவர் கிடைத்தார். ஆனால் அந்நியர் ஒருவரின் அணுக்களை இவ்வளவு சின்ன உடம்பில் ஏற்றலாமா என்ற பயம் என் கணவருக்கு விடவில்லை. அப்போது மருத்துவர் ஓர் ஆய்வைப் பற்றிச் சொன்னார். இதே நோய்க்கு எலும்பு மஜ்ஜை மாற்று செய்துகொண்ட 170 சிறுவர்களின் கதையைத் திரட்டி 2001இல் வெளியிட்டிருக்கிறார்கள். ஐந்து வயதுக்குள் செய்துவிட்டால், பொருத்தமான அந்நியரிடம் பெற்றவர்களும் உடன்பிறந்தவரிடம் பெற்றவர்கள் அளவுக்குப் பிழைத்தார்கள், வயது ஏற ஏற அந்த வாய்ப்பு குறைந்தது. காத்திருக்கக் கூடாது என்பது எங்களுக்கு அதிலிருந்துதான் தெரிந்தது. கையெழுத்துப் போட்டோம்.

அந்த 170 பேரில் பிழைக்காதவர்களும் இருந்தார்கள். அவர்களின் அம்மா அப்பாக்களுக்கு நான் நன்றி சொல்ல வேண்டும், இந்த மடல் அவர்கள் கண்ணில் படப்போவதில்லை என்றாலும். பிள்ளையைப் பறிகொடுத்த பிறகும், அவனுக்கு என்ன மருந்து கொடுத்தார்கள், எது பலித்தது, எது பலிக்கவில்லை என்ற விவரமெல்லாம் இன்னொரு குழந்தைக்கு உதவட்டும் என்று விட்டுக்கொடுத்தவர்கள் அவர்கள். 1957இல் அமெரிக்க மருத்துவர் டோனல் தாமஸ் மனிதர்களுக்கு மஜ்ஜை ஏற்றிப் பார்த்து வெளியிட்ட ஆறு பேரில் ஒருவரும் பிழைக்கவில்லை. அவர் விடவில்லை, 1990இல் நோபல் பரிசு வந்தது. 1968இல் அமெரிக்காவில் இந்த நோயுள்ள இரண்டு வயதுப் பையன் ஒருவனுக்கு அக்காவின் மஜ்ஜையை ஏற்றினார்கள். எதிர்ப்பு சக்தி வந்தது, பிளேட்லெட் ஏறவில்லை. பழைய மஜ்ஜையை முழுக்க அழித்துவிட்டு ஏற்றினால் இரண்டுமே சரியாகும் என்று 1978இல் பாஸ்டனில் காட்டினார்கள். பழைய மஜ்ஜையை அழிக்கக் கொடுத்த கீமோ மருந்தால் வாயெல்லாம் புண்ணாகி எச்சில்கூட விழுங்க முடியாமல் என் மகன் கிடந்த ராத்திரிகளில், இது எதற்காக என்று எனக்குத் தெரிந்திருந்தது. அந்த முதல் பையனின் அம்மாவுக்கு அது தெரிந்திருக்க வழியில்லை.

முகம் தெரியாத கொடையாளரே, உங்களைப் பற்றி எங்களுக்கு எதுவும் சொல்ல மாட்டார்கள். ஓராண்டு கழிந்து இரு தரப்பும் சம்மதித்தால்தான் பார்க்க முடியும். எங்கள் சம்மதத்தை இப்போதே எழுதிக் கொடுத்துவிட்டோம். ஸ்டெம் செல்கள் மஜ்ஜையிலிருந்து ரத்தத்துக்கு வருவதற்காக நீங்கள் ஐந்து நாள் ஊசி போட்டுக்கொண்டீர்கள், அதனால் எலும்பெல்லாம் வலித்திருக்கும், பிறகு மணிக்கணக்கில் மெஷினோடு படுத்திருந்தீர்கள் என்பது மட்டும் தெரியும். நீங்கள் அனுப்பியது ஒரு சின்னப் பை. நெஞ்சில் வைத்த குழாய் வழியாகச் சொட்டுச் சொட்டாக இறங்கியது. பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டே இருந்தேன். பெயர் தெரியாததால் என் மாமியார் உங்களைப் "பெரிய பிள்ளை" என்றுதான் சொல்வார். கோட்டை மாரியம்மனிடம் ஆடியில் உங்களுக்கும் சேர்த்துத்தான் வேண்டிக்கொண்டார்.

சிவதாபுரம், பனங்காடு கொலுசுப் பட்டறைத் தம்பிகளுக்கு எப்படிச் சொல்வேன் என்று தெரியவில்லை. பிளேட்லெட்டை ஐந்து நாளுக்குமேல் வைத்திருக்க முடியாது, சேர்த்து வைத்துக்கொள்ளவும் வழியில்லை. புது மஜ்ஜை வேலை செய்யத் தொடங்கும்வரை ஆட்கள் வந்துகொண்டே இருக்க வேண்டும். என் கணவரோடு வேலை செய்பவர்கள் முறை போட்டுக்கொண்டு அன்றைய கூலியை விட்டுவிட்டு சேலம் ஜங்ஷனில் ரயில் ஏறி காட்பாடியில் இறங்கினார்கள். என் பழைய மாணவர்களும் வந்தார்கள். ஒருவன் ஊசியைப் பார்த்தாலே மயங்குகிறவன். வகுப்பில் தவளைப் படத்துக்கே கண்ணை மூடிக்கொண்டவன். "மிஸ், நீங்க பக்கத்துல உட்காருங்க, நான் பார்த்துக்கறேன்" என்று இரண்டு மணி நேரம் படுத்திருந்து கொடுத்துவிட்டுப் போனான். கண்ணு, உன் பெயரை எழுதக் கூடாது என்று சொல்லிவிட்டாய். எழுதவில்லை.

பணத்தைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் கொடுத்தவர்கள் யாரும் அதைப் பேச விடுவதில்லை. எஸ்டேட்டில் காபிப் பழம் பறிக்கும் பெண்கள் வாரச் சம்பளத்திலிருந்து எடுத்துச் சேர்த்த தொகையை என் அத்தை மகன் மலையிலிருந்து கொண்டுவந்து கொடுத்தான். பள்ளியில் ஆசிரியர்கள் ஒரு நாள் சம்பளம் தந்தார்கள். அரசு உதவியும் வந்தது. கணக்கு முழுவதும் நோட்டில் இருக்கிறது, யார் வேண்டுமானாலும் வந்து பார்க்கலாம்.

இந்தியாவில் எலும்பு மஜ்ஜை மாற்று சிகிச்சைக்கு வேலூர் சிஎம்சி மருத்துவமனை பழைய இடம், 1986இலிருந்து செய்துவருகிறார்கள். அங்கே மருத்துவர்களுக்கு நன்றி சொல்ல நிறையப் பேர் இருப்பார்கள். நான் செவிலியர்களையும் துப்புரவு அக்காவையும் முதலில் சொல்கிறேன். எதிர்ப்பு சக்தி சுத்தமாக இல்லாத குழந்தைக்கு அறையின் தரையும் கதவுக் கைப்பிடியும் உயிர்ப் பிரச்சினை. அந்த அக்கா கட்டில் காலின் அடிப்பக்கம்கூட விடாமல் துடைப்பார். செவிலியர்கள் நடு ராத்திரியில் வாய் கொப்பளிக்க வைப்பதற்கு அவனுக்குக் கதை சொல்வார்கள், ஒரே கதையைத்தான், அவன் வேறு கதை கேட்க மாட்டான். வெள்ளை அணுக்கள் முதல்முறையாக ஐந்நூறைத் தாண்டிய காலையில் எங்களுக்குமுன் அழுதது அவர்கள்தான்.

ஆய்வுக்காக அவன் ரத்த மாதிரியையும் சிகிச்சை விவரங்களையும் பயன்படுத்திக்கொள்ளலாமா, பெயர் வெளியே வராது என்று ஒரு படிவம் கொடுத்தார்கள். என் கணவர் நிதானமாகப் படித்துப் பார்த்துவிட்டு முதல் ஆளாகக் கையெழுத்துப் போட்டார். இனி அந்த 170 பேர் போன பட்டியல் ஒன்றில் எங்கள் பிள்ளையும் ஒரு வரியாக இருப்பான். இன்னும் பல வருடம் அவனைப் பரிசோதனைக்கு அழைப்பார்கள், அழைத்தபோதெல்லாம் போவோம்.

அவனுக்குப் போட்ட தடுப்பூசிகளையெல்லாம் மறுபடி முதலிலிருந்து போட வேண்டும். அது முடிந்ததும் பள்ளியில் சேர்க்கிறோம். அதற்கு முன் ஒரு வேலை இருக்கிறது. பிளேட்லெட் கொடுத்த தம்பிகள் சேர்ந்து பட்டறைகளிலும் என் பள்ளியின் முன்னாள் மாணவர்களிடையேயும் கொடையாளர் பதிவு நடத்தக் கேட்டிருக்கிறார்கள். 18 வயதிலிருந்து 50 வயதுவரை உள்ளவர்கள் பதிந்துகொள்ளலாம். கன்னத்தின் உட்புறம் பஞ்சுக் குச்சியால் தடவி எடுப்பதுதான், ஊசி கிடையாது. நானும் என் கணவரும் பதிந்துவிட்டோம். தேதி முடிவானதும் சொல்கிறோம். நாங்கள் இருவரும் அங்கே இருப்போம், சந்தேகம் எதுவானாலும் எங்களிடமே கேளுங்கள்.

இப்படிக்கு,
நன்றியுடன்,
ஓர் உயிரியல் ஆசிரியை, அவன் அம்மா
சேலம்