எஸ்ஜிபிடி குறைந்ததும் சந்தோஷப்பட்டாயே, கமலா

மதுரை

அன்புள்ள கமலா,

நலம்தானே? அண்ணனின் ரத்தச் சோதனை ரிப்போர்ட் இரண்டும் வாட்ஸ்ஆப்பில் வந்தன. மூன்று வருஷத்துக்கு முந்தையதையும் போன வாரத்து ரிப்போர்ட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். "எஸ்ஜிபிடி பாதியாக இறங்கிவிட்டது, கீழாநெல்லி வேலை செய்கிறது" என்று சிரிக்கிற பொம்மையெல்லாம் போட்டிருந்தாய். போனில் கூப்பிட்டால் என்னைப் பேசவிட மாட்டாய் என்பதால் எழுதுகிறேன். கொஞ்சம் நீளும், காபியைப் போட்டுக்கொண்டு உட்கார்.

இங்கே எல்லாரும் சுகம். மூட்டு வலி அப்படியேதான் இருக்கிறது. பாராமெடிக்கல் கல்லூரியில் லேப் டெக்னீஷியன் பிள்ளைகளுக்கு இப்போதும் வகுப்பு எடுக்கிறேன். குழாயை மெஷினில் வைத்தால் எண் வந்துவிடும் என்ற அளவில்தான் அவர்களுக்கு இந்தத் தொழில் தெரிகிறது. நாங்கள் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் ஈரலுக்காக எடுக்கும் எஸ்ஜிஓடி சோதனை பார்ப்பதென்றால் சீரத்தை 37 டிகிரி தண்ணீரில் ஒரு மணி நேரம் வைத்திருந்து, கடைசியில் காரம் ஊற்றிப் பழுப்பு நிறம் ஏறுவதைக் கலரிமீட்டரில் படிக்க வேண்டும். எஸ்ஜிபிடிக்கு அரை மணி போதும். காத்திருந்து காத்திருந்தே அந்த எண்கள் மேல் எனக்கு ஒரு உரிமை வந்துவிட்டது என்று வைத்துக்கொள். அந்த உரிமையில்தான் சொல்கிறேன்: அண்ணனின் எஸ்ஜிபிடி 96லிருந்து 49 ஆனதில் சந்தோஷப்பட ஒன்றுமில்லை.

இந்த எஸ்ஜிஓடியும் எஸ்ஜிபிடியும் ஈரல் எப்படி வேலை செய்கிறது என்று சொல்பவை அல்ல. அவை ஈரல் செல்லுக்குள் இருக்க வேண்டிய நொதிகள். செல் அடிபட்டால் ரத்தத்தில் கசியும். அடுக்களையில் பாத்திரம் உடையும் சத்தம் மாதிரி. சத்தம் கேட்டால் ஏதோ உடைகிறது என்று தெரியும். எத்தனை பாத்திரம் மிச்சமிருக்கிறது, இன்றைக்குச் சோறு வேகுமா என்று அந்தச் சத்தம் சொல்லாது. ஈரல் முழுக்கத் தழும்பாகிச் சுருங்கிப்போன சிரோசிஸ்காரர்களில் பலருக்கு எஸ்ஜிபிடி நார்மலாகவே இருக்கும். எஸ்ஜிஓடிக்கு இன்னொரு சங்கதி உண்டு. அது இதயத்திலும் தசையிலும் சிவப்பணுவிலும்கூட இருக்கிறது. 1954இல் அது முதலில் பேர் வாங்கியதே மாரடைப்பைக் கண்டுபிடிக்கும் சோதனையாகத்தான். ரத்தம் எடுக்கும்போது ஊசியை முரட்டுத்தனமாக இழுத்து அணுக்கள் உடைந்துவிட்டாலும் அது ஏறும்.

என் கண்ணில் முதலில் பட்டது நீ பார்க்காத வரி. பிளேட்லெட், அதாவது ரத்தத் தட்டணு, 1,62,000 இருந்தது, இப்போது 1,18,000. ஈரல் கெட்டிப்பட்டால் குடலிலிருந்து வரும் ரத்தம் அதற்குள் நுழையச் சிரமப்படும். அழுத்தம் பின்னால் ஏறி மண்ணீரல் வீங்கும், வீங்கிய மண்ணீரல் தட்டணுக்களைப் பிடித்து வைத்துக்கொள்ளும். ஈரல் நோயைத் தேடும்போது ஹீமோகுளோபின் சோதனைத் தாளில் போய் விடை கிடைக்கும் என்று யாருக்குத் தோன்றும்? ஆனாலும் இந்த ஒரு எண்ணை மட்டும் நம்பிப் பயந்துவிடாதே. ஊதா மூடிக் குழாயில் சிலருக்குத் தட்டணுக்கள் ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டியாகிவிடும், மெஷின் குறைத்து எண்ணும். "ஸ்லைடு போட்டுப் பார்த்துச் சொல்லுங்கள்" என்று கேள். நீலமூடிக் குழாயிலும் ஒருமுறை எண்ணச் சொல்லலாம்.

சரி, நீ கணக்கு டீச்சர். உனக்கு ஒரு கணக்கு தருகிறேன். ஃபிப்-4 என்று பெயர், 2006இல் வந்தது. வயதை எஸ்ஜிஓடியால் பெருக்கு. பிளேட்லெட்டை ஆயிரக் கணக்கில் எடுத்து எஸ்ஜிபிடியின் வர்க்கமூலத்தால் பெருக்கு. முன்னதைப் பின்னதால் வகு. அண்ணனுக்கு இப்போது வயது 62, எஸ்ஜிஓடி 58. 49க்கு வர்க்கமூலம் 7, உனக்கு வசதியாகவே அமைந்துவிட்டது. போட்டுப் பார், 4.3 சொச்சம் வரும். பழைய ரிப்போர்ட்டில் எஸ்ஜிஓடி 71, வயது 59. அதற்கு 2.6 வரும். 1.3க்குக் கீழே இருந்தால் பெரிய தழும்பு இருக்க வாய்ப்புக் குறைவு, 65 தாண்டியவர்களுக்கு அந்தக் கோடு 2. 2.67க்கு மேலே போனால் கட்டாயம் மேற்கொண்டு பார்க்க வேண்டும். எஸ்ஜிபிடி வகுக்கிற எண்ணில், கீழே இருப்பதைக் கவனித்தாயா? மற்றவை அப்படியே இருக்க, எஸ்ஜிபிடி குறையக் குறைய இந்தக் கணக்கு ஏறும். நீ பொம்மை போட்ட அதே இறக்கம்தான் இங்கே விடையைத் தூக்கிவிடுகிறது.

இதோடு சேர்ந்த இன்னொன்று, முன்பு எஸ்ஜிபிடி பெரிதாக இருந்தது, இப்போது எஸ்ஜிஓடி பெரிதாக இருக்கிறது. இத்தாலிக்காரர் தே ரித்திஸ் 1950களிலேயே இந்த விகிதத்தைப் பிடித்துவிட்டார். குடிப்பவர்களுக்கு எஸ்ஜிஓடி இரண்டு மடங்குக்கு மேல் போகும். அண்ணன் பீடிகூடத் தொடாதவர், எனக்குத் தெரியும். ஆனால் குடிக்காத சர்க்கரை நோயாளிக்கு, கொழுப்பு ஈரல் உள்ளவருக்கு, இந்த விகிதம் ஒன்றைத் தாண்டினால் தழும்பு முற்றுகிறதோ என்று சந்தேகிக்க வேண்டும்.

அப்புறம் ஆல்புமின். 4.0 இருந்தது 3.4 ஆகியிருக்கிறது. அது ஈரலே தயாரிக்கும் புரதம், ரத்தத்தில் பாதியாகக் குறையக் கிட்டத்தட்ட 20 நாள் பிடிக்கும். அதனால் அது சொல்வதெல்லாம் பழைய சேதி, மெதுவாக வரும், ஆனால் பொய் சொல்வது குறைவு. (சர்க்கரைக்காரர்களுக்குச் சிறுநீரில் ஒழுகியும் குறையலாம், அதையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.) அன்றன்றைய நிலவரம் வேண்டுமென்றால் ரத்தம் உறைய எவ்வளவு நேரம் ஆகிறது என்று காட்டும் புரோத்ராம்பின் நேரம் பார்க்க வேண்டும், இப்போது ஐஎன்ஆர் என்று போடுகிறார்கள். அண்ணனின் ரிப்போர்ட்டில் அது இல்லவே இல்லை. மாஸ்டர் செக்கப் பேக்கேஜில் சேர்ப்பதில்லை போலிருக்கிறது.

எனக்குப் பிடித்த சோதனை அதுதான். பிளாஸ்மாவில் உறைதலைத் தொடங்கிவைக்கும் த்ராம்போபிளாஸ்டினை விட்டதும் ஸ்டாப்வாட்சைத் தட்டுவோம். குழாயை வெளிச்சத்துக்கு நேரே பிடித்து, சாய்த்துச் சாய்த்துப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். நல்ல ஈரலுக்கு 12, 13 நொடியில் மெல்லிய இழை ஒன்று எழும்பும், நிறுத்துவோம். ஈரல் படுத்துவிட்டவருக்கு 30 நொடி, 40 நொடி என்று ஓடும், தண்ணீராகவே புரண்டுகொண்டிருக்கும். உறைய வைக்கும் காரணிகளை ஈரல்தான் செய்கிறது. அதில் ஏழாவது காரணி சில மணி நேரத்திலேயே தீர்ந்துபோகும். அதனால் ஈரல் நேற்று நின்றது இன்றைக்கே தெரிந்துவிடும். எலி மருந்துப் பசை தின்றுவிட்டு வருகிற பிள்ளைகளை நம் பக்கத்து ஆஸ்பத்திரிகளில் நிறையப் பார்த்திருக்கிறோம். எஸ்ஜிபிடி ஆயிரக்கணக்கில் ஏறி, பிறகு சரசரவென்று இறங்கும். வெளியே பெஞ்சில் இருக்கும் அப்பாவும் அம்மாவும் "இறங்கிடுச்சாம்" என்று கும்பிடுவார்கள். உள்ளே ஐஎன்ஆர் ஏறிக்கொண்டிருந்தால் டாக்டர் முகத்தில் சிரிப்பு இருக்காது. இறங்கும் எஸ்ஜிபிடியோடு ஐஎன்ஆரும் இறங்கினால்தான் பிழைக்கிறான் என்று அர்த்தம்.

நோயைக் கண்டுபிடிக்கிற எண் வேறு, அது எங்கே போகும் என்று சொல்கிற எண் வேறு என்பதற்கு மெல்டு ஸ்கோரையே சொல்லலாம். அமெரிக்காவில் மாற்று ஈரலுக்குக் காத்திருப்போர் வரிசையை 2002லிருந்து அதை வைத்துத்தான் தீர்மானிக்கிறார்கள். காமாலையைக் காட்டும் பிலிருபின், ஐஎன்ஆர், சிறுநீரகத்துக்கான கிரியாட்டினின் என்று மூன்றே எண்ணில் தொடங்கியது, பிறகு சோடியம் சேர்ந்தது. எஸ்ஜிபிடிக்கு அதில் இடமே கிடையாது, சிறுநீரக எண்ணுக்கு இருக்கிறது! ஈரல் முற்றினால் சிறுநீரகத்தையும் இழுத்துக்கொண்டு போகும் என்பதுதான் காரணம். அதில் ஒரு வேடிக்கை. பெண்களுக்குத் தசை குறைவு, அதனால் கிரியாட்டினினும் குறைவாகவே காட்டும், அதே அளவு நோய் இருந்தும் வரிசையில் பின்னால் தள்ளப்பட்டார்கள். 2023இல் வந்த புதிய கணக்கில் ஆல்புமினைச் சேர்த்ததோடு பெண் என்றால் 1.33 மதிப்பெண் கூட்டிக் கொடுக்கிறார்கள். இருபது வருஷம் ஆகியிருக்கிறது இதைத் திருத்த.

பயப்படாதே, அண்ணன் அந்த வரிசைக்குப் பக்கத்தில்கூட இல்லை. பிலிருபின் 1.3தான், வயிற்றில் நீர் இல்லை, நினைவு தெளிவாக இருக்கிறது. சிரோசிஸ் எவ்வளவு முற்றியிருக்கிறது என்று பார்க்க சைல்டு-பியூ என்று பழைய கணக்கு ஒன்று உண்டு, 5லிருந்து 15 வரை, குறைந்தால் நல்லது. சிரோசிஸ் என்றே வைத்துக்கொண்டாலும், ஐஎன்ஆர் நன்றாக இருந்தால் அவருக்கு 6தான் வரும், முதல் வகுப்பு. இந்த நிலையில் கண்டுபிடித்தால் செய்வதற்கு நிறைய இருக்கிறது.

கீழாநெல்லி பற்றி நான் ஏதாவது சொன்னால் கோபித்துக்கொள்வாய். அது வெறும் பாட்டி வைத்தியம் என்று நான் ஒதுக்கவில்லை. சென்னைப் பல்கலைக்கழகத்தில் தியாகராஜன் குழு ஹெபடைட்டிஸ் பி உள்ளவர்களுக்குக் கொடுத்துப் பார்த்தது. அந்த வைரஸைக் கண்டுபிடித்து நோபல் வாங்கிய பிளம்பெர்க்கும் அதில் சேர்ந்திருந்தார். 37 பேரில் 22 பேருக்கு ரத்தத்தில் வைரஸ் அடையாளம் மறைந்தது என்று 1988இல் லான்செட் மருத்துவ இதழில் வந்தது. எங்கள் லேபில் அன்றைக்கு ஒரே பேச்சு. பிறகு மற்ற இடங்களில் செய்தபோது அந்தப் பலன் கிடைக்கவில்லை. எப்படியும் அது வைரஸுக்கு, அண்ணனுக்கு இருப்பது கொழுப்பு. தண்ணீரில் வரும் சாதாரண மஞ்சள் காமாலை பெரும்பாலும் சில வாரத்தில் தானே போய்விடும், கடைசியாக மருந்து கொடுத்தவருக்குப் பேர் கிடைக்கும். அந்தச் சாற்றைவிட எனக்குக் கவலை, நீ கூடவே சொன்ன பேர் தெரியாத "ஈரல் சூரணம்". கொரோனா நேரத்தில் சீந்தில் குடித்து ஈரல் கெட்டு வந்தவர்களைப் பற்றி மும்பை டாக்டர்கள் எழுதியிருக்கிறார்கள். டாக்டரைப் பார்க்கும்வரை இரண்டையும் நிறுத்து. டப்பாவைத் தூக்கி எறியாதே, அவரிடம் காட்டு.

பொது மருத்துவரிடம் போய் "எல்லாம் ஓகே" வாங்கிக்கொண்டு வராமல் ஈரல் டாக்டரிடமே போங்கள். ஐஎன்ஆர், ஹெபடைட்டிஸ் பி, சி மூன்றும் பார்க்கச் சொல். நீலமூடிக் குழாயில் கோடு வரை ரத்தம் நிரம்புகிறதா என்று நீயே நின்று பார். குறைவாக எடுத்தால் ஐஎன்ஆர் பொய்யாக ஏறும், அப்புறம் வீணாகத் தூக்கம் போகும். ஈரல் எவ்வளவு கெட்டிப்பட்டிருக்கிறது என்று அளக்க ஃபைப்ரோஸ்கேன் எழுதுவார்கள், வலிக்காது. பிளேட்லெட் நிஜமாகவே இவ்வளவுதான் என்றால் எண்டோஸ்கோப்பியும் சொல்வார்கள், உணவுக்குழாயில் ரத்தக்குழாய் புடைத்திருக்கிறதா என்று பார்க்க. அண்ணன் முரண்டு பிடிப்பார். நான் சொன்னதாகச் சொல். சிரோசிஸ் என்று முடிவானால் ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஸ்கேனும் ஏஎஃப்பி என்ற ரத்தச் சோதனையும் நடக்கும், புற்று தலைகாட்டுகிறதா என்று கண்காணிக்க. அதுவும் வழக்கமானதுதான், பதறாதே.

பேத்தியின் அரங்கேற்றத் தேதியை இன்னும் நீ சொல்லவில்லை. டிக்கெட் போட வேண்டும், பண்டிகைக் கூட்டத்தில் கீழ்ப் படுக்கை கிடைக்காது. புது ரிப்போர்ட்டை அனுப்பும்போது அதையும் எழுது. இந்தத் தடவை படத்தை ஆட்டாமல் எடு, 3 எது 8 எது என்று தெரியாமல் உன் மருமகனுக்குப் போன் போட்டுக் கேட்க வேண்டியதாயிற்று.

அன்புடன்,
சரஸ்வதி