வாடகையை வங்கிக்கு எழுதிக் கொடுத்தபின் வழக்குப் போட வேண்டியவர் யார்?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

கடை வாங்குவதற்காக வங்கிக் கடன் எடுக்கும்போது அடமானப் பத்திரத்தோடு இன்னொரு பத்திரத்திலும் கையெழுத்துப் போடுகிறோம். கடையிலிருந்து வரும் வாடகையையும் அதைக் கேட்டுப் பெறும் உரிமையையும் வங்கியின் பெயருக்கு மாற்றிக் கொடுக்கும் பத்திரம் அது. தவணை ஒழுங்காகக் கட்டினால் அது கோப்பிலேயே கிடக்கும் என்று நினைத்து நானும் கையெழுத்திட்டேன்.

சிங்கப்பூர் சிராங்கூன் ரோட்டுப் பக்கம் எனக்குள்ள சிறிய கடையை மாதம் 5,200 வெள்ளிக்கு வாடகைக்கு விட்டிருந்தேன். தையல் கடை நடத்திய குத்தகைக்காரர், பேச்சுக்குப் பேச்சு "அண்ணே" என்று அழைத்தவர், ஐந்து மாத வாடகையைக் கட்டாமல் கடையைக் காலி செய்தார். இரண்டு மாத முன்பணத்தைக் கழித்ததுபோக 15,600 வெள்ளி பாக்கி நின்றது. சிறு உரிமைக்கோரல் நடுவர்மன்றம் இரண்டு ஆண்டுக்கு மேற்படாத குடியிருப்பு வாடகை ஒப்பந்தங்களைத்தான் எடுத்துக்கொள்ளும். கடை வாடகைக்கு அங்கே இடமில்லை. ஆகவே 60,000 வெள்ளி வரையிலான கோரிக்கைகளை விசாரிக்கும் மாஜிஸ்திரேட் நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்தேன். எதிர்த்தரப்பு அளித்த பதிலில் பாக்கி இல்லை என்று ஒரு வரிகூட இல்லை. வாடகை உரிமை வங்கிக்கு மாற்றப்பட்டுவிட்டது என்று தெரிவிக்கும் பழைய அறிவிப்புக் கடிதம் ஒன்றின் நகலை மட்டும் இணைத்திருந்தார்கள். அதன் அடியில் என் கையெழுத்து இருந்தது. அதற்குக் கீழே தையல் கடையின் முத்திரை.

நமது சிவில் சட்டத்தின் 4ஆம் பிரிவு, 8ஆம் உட்பிரிவின்படி, ஒரு கடனை வசூலிக்கும் உரிமையை எழுத்து மூலம் முழுமையாக மாற்றிக் கொடுத்து, அதைக் கடன்பட்டவருக்கும் (இங்கே குத்தகைக்காரருக்கு) எழுத்தில் அறிவித்துவிட்டால், வழக்குப் போடும் உரிமையும் பணத்தைப் பெற்றுக்கொண்டு கணக்கைத் தீர்க்கும் அதிகாரமும் அந்த உரிமையைப் பெற்றுக்கொண்டவரிடம் (இங்கே வங்கியிடம்) போய்விடுகின்றன. உரிமையை மாற்றிக் கொடுக்காமல் கடனுக்குப் பிணையாக மட்டும் காட்டும் பத்திரத்துக்கு இது பொருந்தாது. ஈடாகத்தானே கொடுத்தோம், கடன் தீர்ந்தால் திரும்ப வந்துவிடுமே, இது எப்படி முழு மாற்றமாகும் என்றுதான் என் வழக்கறிஞரிடம் நானும் கேட்டேன். நமது பிரிவை ஒத்த இங்கிலாந்துச் சட்டத்தின்கீழ் 1889இலேயே, டெலகோவா பே ரயில் நிறுவனம் சம்பந்தப்பட்ட வழக்கில், கடன் தீர்ந்ததும் திருப்பித் தரப்படும் என்ற நிபந்தனை இருப்பதாலேயே ஒரு மாற்றம் முழுமையற்றதாகிவிடாது என்று தீர்ப்பு வந்துவிட்டதாம். குத்தகைக்காரருக்கு அறிவிப்புப் போகாதிருந்தால் நிலைமை வேறு. அப்போதும் உரிமையாளர் தனியாக நிற்க முடியாது, பொதுவாக வங்கியையும் வழக்கில் ஒரு தரப்பாகச் சேர்த்தாக வேண்டும். எதிர்த்தரப்பு வழக்கறிஞரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. இன்று எனக்குக் கட்டிய அதே வாடகையை நாளை வங்கி வந்து கேட்டால் அந்தத் தையற்காரர் இருமுறை கட்ட வேண்டிவரும். அதைத் தடுக்கத்தான் இந்த விதி.

என் வருத்தம் வங்கியைப் பற்றியது. அறிவிப்பு அனுப்பிய பிறகும் வாடகை என் கணக்குக்கே வந்துகொண்டிருந்தது. வங்கி அதை ஒருபோதும் ஆட்சேபிக்கவில்லை. பாக்கி விழுந்தபோதும் என் சேமிப்பிலிருந்து தவணை தவறாமல் போனதால், அந்த 15,600 வெள்ளியைத் துரத்த வங்கிக்கு எந்த அவசரமும் இல்லை. உரிமை வைத்திருப்பவர் வழக்குப் போடமாட்டார், நட்டப்பட்டவர் போட முடியாது. வாடகை பாக்கிக்கான ஆறு ஆண்டுக் காலவரம்போ இருவருக்காகவும் நிற்காது. அந்தப் பாக்கியை மட்டும் என் பெயருக்குத் திருப்பி மாற்றித் தரும்படி கேட்டு, கிளையிலிருந்து கடன் பிரிவுக்கும் அங்கிருந்து சட்டப் பிரிவுக்கும் மாறி மாறி மின்னஞ்சல் போனதில் ஐந்து மாதம் கழிந்தது. முதல் வழக்கைத் திரும்பப் பெற்றுக்கொண்டு, எதிர்த்தரப்பின் செலவையும் கட்டி, திருப்பி மாற்றியதைக் குத்தகைக்காரருக்கு முறையாக அறிவித்த பிறகுதான் புதிதாகத் தாக்கல் செய்ய முடிந்தது.

இது நம் ஊரில் மட்டும் எழும் சிக்கல் அல்ல. வேறொரு சட்ட மரபான ரோமன் டச்சுச் சட்டத்தைப் பின்பற்றும் தென்னாப்பிரிக்காவிலும் இப்படி ஈடாகக் கொடுத்த உரிமை அடிப்படையில் கொடுத்தவருக்கே சொந்தம் என்று நீதிமன்றங்கள் கருதினாலும், கடன் நிற்கும்வரை வசூலிக்கும் உரிமை வங்கியிடம்தான்.

வாடகை உரிமை மாற்றப் பத்திரத்தோடு ஒரே ஒரு பக்க விளக்கத்தை வங்கிகள் இணைக்க வேண்டும் என்பது என் கோரிக்கை. குத்தகைக்காரர் வாடகை தராவிட்டால் வழக்குப் போட வேண்டியவர் யார், உரிமையாளர் போடுவதற்கு யாரிடம் எழுத்து மூலம் ஒப்புதல் பெற வேண்டும், அந்த ஒப்புதல் எத்தனை நாளில் கிடைக்கும் என்பவை அதில் இருக்க வேண்டும். வயதான கடைக்காரர்களுக்காக அது தமிழிலும் கிடைத்தால் நல்லது. இப்போதே வழக்குப் போட நினைப்பவர்கள் வழக்கறிஞரிடம் வாடகை ஒப்பந்தத்தை மட்டும் கொண்டு போகாமல் வங்கிக் கோப்பு முழுவதையும் எடுத்துச் செல்லுங்கள். கடனை அடைத்து முடித்தவர்களும், அடமானம் நீங்கியதோடு வாடகை உரிமையும் எழுத்து மூலம் திரும்ப வந்திருக்கிறதா என்று ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
கடை உரிமையாளர் ஒருவர்,
அங் மோ கியோ