கர்பலாவோடு நின்றுவிடாத பிரிவுகள்

ஆசிரியர் அவர்களுக்கு,

ஏமன் போர் பற்றிய நடுப்பக்கக் கட்டுரையோடு வந்த பெட்டிச் செய்தியில், 680-இல் ஈராக்கின் கர்பலாவில் இஸ்லாம் சன்னி, ஷியா (நபியின் மருமகன் அலீயின் வழியினரையே தலைவர்களாக ஏற்போர்) என இரண்டாகப் பிரிந்தது என்று இருந்தது. பத்திரிகைகளில் அடிக்கடி தென்படும் வரி இது. ஏமனின் ஹவுதி இயக்கத்தினரும் ஈரானியரும் ஒரே பிரிவினர் என்ற எண்ணம் இதனால்தான் வேரூன்றிவிட்டது.

கர்பலாவில் நபியின் பேரன் இமாம் ஹுசைன் கொல்லப்பட்டது இன்றும் ஆறாத காயம். ஆனால் முதல் பிளவு அதற்கு முன்பே, 657-இல் சிஃப்பீன் போரில் நேர்ந்தது. ஹுசைனின் தந்தையும் அன்றைய கலீபாவுமான (முஸ்லிம்களின் ஆட்சித் தலைவர்) அலீ, எதிரணியின் முஆவியாவுடன் நடுவர் தீர்ப்புக்கு இணங்கியதை ஏற்காமல் ஒரு கூட்டம் வெளியேறியது, அவர்கள்தான் காரிஜிகள். ஓமனில் வாழும் இபாதிகளின் தொடக்கத்தையும் அந்த வட்டாரத்தில்தான் தேட வேண்டும். அவர்கள் சன்னியும் அல்ல, ஷியாவும் அல்ல.

கட்டுரை ஒரே வரியில் கடந்துவிட்ட அப்பாசியர் காலம்தான் இதில் முக்கியமானது. அப்போது ஆண்ட உமையா வம்சத்தை வீழ்த்த 747-இல் ஈரானின் கிழக்குப் பகுதியான குராசானில் கறுப்புக் கொடி ஏற்றிய அபூ முஸ்லிம், யாரை அரியணையில் அமர்த்தப் போகிறோம் என்று சொல்லவே இல்லை. 'முகம்மதின் குடும்பத்தில் அனைவருக்கும் ஏற்புடையவர்' என்பதுதான் முழக்கம். அலீயின் வழித்தோன்றல் வருவார் என நம்பித் திரண்டவர்கள் ஏராளம். 749-இல் ஈராக்கின் கூஃபாவில் கலீபாவாக அறிவிக்கப்பட்டவரோ, நபியின் சிறிய தந்தை அப்பாஸின் வழிவந்த, அப்பாசியரில் முதல்வரான ஸஃப்பாஹ். 762-இல் மதீனாவில் கிளர்ந்தெழுந்த, ஹுசைனின் அண்ணன் ஹஸனின் கொள்ளுப்பேரனை அடுத்த கலீபா மன்சூரின் படை கொன்றது. 817-இல் கலீபா மஃமூன், அலீ வழிவந்த இமாம் ரிளாவை வாரிசாக அறிவித்து, அரசின் கறுப்பு நிறத்தையே பச்சையாக்கினார். பக்தாத் கொதித்தெழுந்து வேறொருவரைக் கலீபாவாக்கியது. மறு ஆண்டே ரிளா இறந்தார், பச்சையும் போயிற்று.

ஷியாக்களுக்குள்ளும் பிரிவுகள் உண்டு. 740-இல் உமையாக்களை எதிர்த்துக் கூஃபாவில் உயிர்விட்ட ஸைத், ஹுசைனின் பேரன். அவரைப் பின்பற்றுவோரே ஏமனின் ஸைதிகள். ஹஸன், ஹுசைன் வழியில் வந்த கற்றறிந்த எவரும் அநீதியை எதிர்த்து எழுந்தால் இமாமாகலாம் என்பது அவர்கள் கொள்கை. மறைந்திருக்கும் பன்னிரண்டாம் இமாமுக்கு அதில் இடமில்லை. ஈரானியர் காத்திருப்பதோ அவருக்காகத்தான். ஏமனில் 897-இல் தொடங்கிய ஸைதி இமாம்களின் ஆட்சி, இடையிடையே அறுபட்டாலும், 1962 வரை நீடித்தது. ஹவுதி இயக்கம் தோன்றியது இந்த மரபில்தான். 765-இல் ஹுசைனின் வழிவந்த இமாம் ஜஅஃபர் மறைந்தபின் மகன் மூஸாவை ஏற்றவர்கள் பன்னிரு இமாமியரானார்கள், ஈரானியர் பெரும்பாலும் இப்பிரிவினரே. இன்னொரு மகன் இஸ்மாயிலின் வழியை ஏற்றவர்கள் இஸ்மாயிலிகள். 969-இல் கெய்ரோவை நிறுவிய பாத்திமிய வம்சத்தினர் இவர்களே. 1094-இல் அவர்களும் இரண்டாகப் பிரிந்தனர். நம் சென்னையில் வாழும் போராக்கள் அதில் ஒரு கிளை, ஆகா கானைப் பின்பற்றுவோர் மறு கிளை.

அடுத்த முறை பெட்டிச் செய்தியில் 'ஷியா' என்று மட்டும் போடாமல் ஸைதியா, இஸ்மாயிலியா, பன்னிரு இமாமியரா என்பதையும் சேர்த்து அச்சிட வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
வரலாற்று ஆசிரியர்,
மேலப்பாளையம்